வலது தோளுக்கு வைத்த பரீட்சை

பெரிய ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது பஸ்சில் இருக்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, இந்தப் பக்கமே வர வைக்காதடா சாமி என்று முணுமுணுப்பார்கள். எனக்கு மட்டும் இறங்கி உள்ளே ஒரு எட்டுப் போய்விட்டு வரலாமா என்று இருக்கும். சொன்னால் சிரிக்கிறார்கள். "அப்பாவுக்குத் தோள்லதான் அடின்னு நெனச்சோம், தலையிலயும் பட்டிருக்கு போல" என்கிறாள் என் மகள் கவிதா. சிரிக்கட்டும். நானும் என் பெண்டாட்டியும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது அந்த ஒன்பது மாதத்தில்தான். அதற்கு ஏங்காமல் வேறு எதற்கு ஏங்குவது?

நான் கலியமூர்த்தி. வீடு முத்தியால்பேட்டையில், வேலை நோணாங்குப்பம் படகுத்துறையில். இருபத்திரண்டு வருஷம் படகு ஓட்டினேன். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கழிமுகத்தில் போய், கடலோர மணலில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது. சின்னப் படகில் ஓட்டுகிறவன் ஒருத்தன்தான். துணைக்கு ஆள் கிடையாது. ஞாயிறு, பொங்கல், தீபாவளி என்று ஊரே லீவு விடும் நாளில் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. வீட்டுக்கு வந்தால் சோறு, தூக்கம், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வண்டியில் வந்துகொண்டிருந்தேன். அரியாங்குப்பம் தாண்டி ஒரு மினி வேன், கையும் காட்டாமல் விளக்கும் போடாமல், அவன் அப்பன் வீட்டு ரோடு மாதிரி திரும்பியது. நான் வலது தோள் தரையில் படும்படி விழுந்தேன். ரத்தம் அதிகம் இல்லை. எழுந்து நின்று சட்டையைத் தட்டிவிட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினேன். கை வரவில்லை. கூட்டத்தில் ஒருத்தர் "வலிக்குதாண்ணே?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லப்பா" என்றேன். அப்படியே மயங்கி அவர் மேலேயே சாய்ந்தேன்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டருக்கு என் மகளைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்கும் செல்விக்கும் காட்டினார். செல்வி என்றால் என் வீட்டுக்காரி தமிழ்ச்செல்வி. மேல்கை எலும்பு தோளோடு சேரும் இடத்தில் மூன்று துண்டாகிவிட்டதாம். தகடு வைத்துத் திருகாணி முடுக்க வேண்டும். "எலும்பு சேர்ந்துடும், அதுல பயம் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு பஞ்சை எடுத்துத் தோளுக்குக் கீழே, ஊசி போடுவார்களே அந்த இடத்தில், தடவினார். "தெரியுதா?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எலும்பைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு ஓடுகிறதாம். கையைப் பக்கவாட்டில் தூக்குகிற சதைக்கு அதுதான் உயிர். அது நசுங்கியிருக்கிறது. திரும்ப வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம், மாதக்கணக்கில் காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார். செல்வி அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை போனால் படகு போச்சு என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலுமாகப் பதினாறு நாள் வார்டில் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர், இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். எண்பது வயசுக்கு மேல். அவர்கள் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் வார்டில் எல்லோருக்கும் அவர் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய். டாக்டர் வந்தால் படுத்தபடியே "போன்ழூர் மிசே" என்று சல்யூட் அடிப்பார். இட்லி கல்லு மாதிரி இருந்தால் நர்சைக் கூப்பிட்டு பிரெஞ்சில் திட்டுவார். அந்த அம்மா திருநெல்வேலிப் பக்கம். "என்ன தாத்தா, பாட்டா பாடுதீய?" என்று கேட்டுவிட்டுப் போய்விடும். நாங்கள் இரண்டு பேரும் உடம்பு குலுங்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். குலுங்கினால் அவருக்கு இடுப்பில் வலி, எனக்குத் தோளில் வலி. ராத்திரிகளைப் பற்றி எழுதப் போவதில்லை. வார்டில் ராத்திரி எல்லோருக்கும் ஒன்றுதான்.

பகல்தான் எனக்கு ஞாபகம். செல்வி பதினொரு மணிக்கு வருவாள். தூக்குச் சட்டியில் சங்கரா மீன் குழம்பு. எனக்கு இடது கையால் முள் எடுக்க வராது. அவள் ஒவ்வொரு துண்டாக எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, முள்ளை எல்லாம் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பாள். முள் எடுத்த மீனைச் சோற்றில் பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுப்பாள். "சின்னப் புள்ளைக்கு ஊட்டுற மாதிரி ஊட்டுறியே, மானம் போவுது" என்பேன். "போற மானம் போவட்டும், முள்ளு போவாம இருந்தாச் சரி" என்பாள். சொல்தா அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவருடைய பிள்ளைகள் எல்லோரும் பாரீஸ் பக்கம் இருந்தார்கள். இரண்டாவது நாளிலிருந்து செல்வி இரண்டு பேருக்கும் சேர்த்தே முள் எடுத்தாள்.

சர்க்கார் ஆஸ்பத்திரி என்பதால் பிழைத்தோம். தகட்டுக்கும் திருகாணிக்கும் மட்டும் வெளியே கட்ட வேண்டி வந்தது. படகுத்துறையில் ஆளாளுக்குப் போட்டு ஒரு கவரில் வைத்து முருகையன் கொண்டுவந்து கொடுத்தான். முருகையன் என் பக்கத்துப் படகுக்காரன். தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று வெளியே சொல்லிக்கொள்வான். உண்மையில் என்னைவிட நன்றாக ஓட்டுவான். "அண்ணே, ஒன் படகை நான் தொடச்சு வெச்சிருக்கேன், வேற ஒருத்தன் கைய வெக்க முடியாது" என்றான். அன்றைக்கு அழுதேன். வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகு வாரம் மூன்று நாள் பயிற்சிக்குப் போக வேண்டும். செல்வியும் கூட வருவாள். காத்திருக்கும் கூடத்தில் பெஞ்சு. டோக்கன் எண் வரும்வரை இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். எங்கள் காதல் கதை எல்லாம் அந்தப் பெஞ்சில்தான். அவள் சின்ன வயசில் பத்தாவது பரீட்சையில் கணக்கில் தொண்ணூறு வாங்கியவள் என்று எனக்குக் கல்யாணம் ஆகி இருபத்தோரு வருஷம் கழித்து அந்தப் பெஞ்சில்தான் தெரிந்தது. எனக்கு இருட்டில் ஆந்தைச் சத்தம் கேட்டால் பயம் என்று அவளுக்கும் அங்கேதான் தெரிந்தது. "இத்தனை வருசம் இந்த ஆளுகூடவா குடும்பம் நடத்துனேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

பயிற்சி கொடுக்கிற பெண் நிர்மலா, கண்டிப்பானவள். சுவரில் ஏணி மாதிரிக் கோடு போட்ட பலகை. விரலால் ஒவ்வொரு படியாக நடத்திக் கையை மேலே ஏற்ற வேண்டும். "முடியாதுங்கிற சொல்லை வாசல்லயே விட்டுட்டு வரணும்" என்பது அவளுடைய சட்டம். நாலாவது மாதம் நரம்பில் கரண்ட் வைத்துப் பார்க்கும் சோதனை செய்தார்கள். தோலில் சுண்டிச் சுண்டி விட்டு, அந்தச் சேதி சதைவரைக்கும் போய்ச் சேருகிறதா என்று பெட்டியில் பார்ப்பது. பாதி போய்ச் சேர்ந்தது. கை தோள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழேவரை வந்தது. அதற்கு மேல் பலகையில் ஒரு படிகூட ஏறவில்லை.

கவிதா என் சட்டைகளை எல்லாம் வாங்கிக்கொண்டு போய், பொத்தான்களை மேலேயே தைத்து வைத்து, உள்ளே ஒட்டுப்பட்டை வைத்தாள். பார்க்கிறவர்களுக்குப் பொத்தான் போட்ட சட்டை. எனக்கோ ஒரு தட்டுத் தட்டினால் மூடிக்கொள்ளும். கல்லூரி முடிந்து வந்து, பாடத்தைத் தூக்கி வைத்துவிட்டு, ஒன்பது சட்டைக்கும் தைத்தாள். என் வெட்கம் தெரிந்த பிள்ளை.

அந்த வேனுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. வக்கீல் ஒருவர் கேஸ் போட்டார். கேஸ் என்றால் இப்படித்தான்: கையில் எவ்வளவு ஊனம், அந்த ஊனத்தால் செய்துகொண்டிருந்த தொழிலில் எவ்வளவு போச்சு, இரண்டையும் ஒரு டாக்டர் பார்த்து எழுத வேண்டும். இன்சூரன்ஸ்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒரு டாக்டரிடம் போகச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். டவுனில், மாடியில் ஒரு கிளினிக். செல்வியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

நான் செய்த தப்பை இங்கே சொல்லியாக வேண்டும். படகுக்காரனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. படகில் என்ன ஆனாலும் பயணியிடம் "ஒண்ணும் இல்ல" என்றுதான் சொல்ல வேண்டும். மோட்டார் திக்கினாலும் ஒண்ணும் இல்ல. காற்று திசை மாறினாலும் ஒண்ணும் இல்ல. எட்டுப் பேரில் ஒருத்தர் பயந்து எழுந்து நின்றால் படகு கவிழ்ந்துவிடும். அதனால் சிரித்துக்கொண்டே பேச வேண்டும். இருபத்திரண்டு வருஷம் சொல்லிச் சொல்லி அது என் நாக்கில் ஊறிப்போய்விட்டது. கோட்டுப் போட்ட ஒரு மனுஷன் எதிரில் உட்கார்ந்து, கவலையான முகத்தோடு "வலி இருக்கா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றேன். தூங்க முடியுதா? "ஜம்முனு தூங்குறேன் சார்." சட்டை போட முடியுதா? போட்டுக்கொண்டுதானே வந்திருக்கிறேன்! அவர் என் பொத்தான்களைப் பார்த்தார், எழுதினார். கையைத் தூக்கச் சொன்னார். உடம்பை இடது பக்கம் சாய்த்து, பல்லைக் கடித்து, நிர்மலாவே பார்த்திராத உயரத்துக்குத் தூக்கினேன். சிரித்துக்கொண்டே தூக்கினேன். கீழே இறங்கி வந்து படிக்கட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

அவர் மேல் தப்பு இல்லை. நான் சொன்னதை அப்படியே எழுதினார். ஏறக்குறைய முழுக் குணம், பொத்தான் போடும் அளவுக்கு விரலும் தோளும் இயங்குகின்றன, பழைய தொழிலைச் செய்யலாம்.

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ உள்ளுக்குள் குஷி. பழைய தொழிலைச் செய்யலாம் என்று டாக்டரே எழுதிவிட்டார்! பணம் கிடக்கட்டும், எனக்குப் படகு வேண்டும். நகலை எடுத்துக்கொண்டு படகுத்துறை மேலாளரிடம் ஓடினேன். அவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கலி, கோர்ட்டுல முடியலன்னு கேசு, இங்க முடியும்னு பேப்பர். ரெண்டுல ஒண்ணைக் கொண்டா. எட்டு உசுரை ஏத்துற எடம் இது" என்றார்.

வீட்டில் செல்வி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், பேசாமலே இருந்திருக்கலாம். "பொத்தானைப் பாத்து எழுதிட்டாராம். அந்தப் புள்ள ராத்திரியும் பகலுமா உக்காந்து தெச்சது உங்க கேசை முடிக்கத்தானா? ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல! ஒண்ணும் இல்லாததுக்குத்தான் நான் ஏழு மாசம் உங்க தலைக்கு எண்ணெ வெச்சு விட்டனா?" கவிதா அறைக்குள்ளேயே இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

வக்கீல் ஆட்சேபம் போட்டார். கடைசியில் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு, எந்தப் பக்கமும் சேராத ஒரு மறுவாழ்வு டாக்டரிடம் அனுப்பினார்கள். காயத்தைப் பார்ப்பது மட்டும் இல்லை அவர்கள் வேலை. அந்தக் காயத்தோடு இந்த ஆள் அவன் வேலையைச் செய்ய முடியுமா என்று செய்ய வைத்தே பார்ப்பார்கள். குள்ளமான ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும், தோளில் பெரிய பை, அதில் பாதி பிஸ்கெட். எல்லோரும் மேடம் என்றார்கள், நானும் மேடம் என்றேன். அந்த அம்மா எழுதுவதுதான் முடிவு. முடியும் என்றால் படகு, இழப்பீடு இல்லை. முடியாது என்றால் இழப்பீடு, படகு இல்லை.

முதல் நாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை சோதனை. ஒரு பிளாஸ்டிக் கோணமானி, இரண்டு கை வைத்தது. அதைத் தோளில் வைத்துக் கை எத்தனை டிகிரி தூக்குகிறது என்று அளந்தார். ஒரு பிடியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். எவ்வளவு பலம் என்று அதில் முள் காட்டும். அலமாரியில் டப்பா அடுக்கச் சொன்னார், கயிறு சுருட்டச் சொன்னார். நான் வழக்கம்போல, "ஒண்ணும் இல்ல மேடம், ஈஸிதான்" என்று சிரித்துக்கொண்டே செய்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வக்கீல் போன் பண்ணினார். "இங்க பாருப்பா கலியமூர்த்தி, போன தடவை மாதிரி சொதப்பிடாத. கொஞ்சம் கூட்டியே சொல்லு. தூக்கச் சொன்னா ஆ ஊன்னு கத்து." எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் செல்வியின் முகம் ஞாபகம் வந்தது. கவிதாவின் சாத்திய கதவு ஞாபகம் வந்தது. சாப்பிட்ட பிறகு அதே பிடியைக் கொடுத்தார் மேடம். நான் பூனைக்குட்டியைப் பிடிப்பதுபோல் பிடித்து, "அம்மாடி!" என்றேன்.

மேடம் ஒரு பிஸ்கெட்டை எடுத்துக் கடித்தார். காலை எண்ணையும் மத்தியான எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கலியமூர்த்தி, சோத்துல என்ன கலந்து சாப்ட்டீங்க?"

"ஏன் மேடம்?"

"காலைல இருந்த பலத்துல பாதி காணோம். காலைல ஈஸின்னதும் பொய், இப்ப அம்மாடின்னதும் பொய். ரெண்டு பக்கமும் பொய் சொல்ற ஆளை நான் இப்பத்தான் பாக்குறேன். எல்லாரும் ஒரு பக்கம்தான் சொல்வாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த செல்வி களுக்கென்று சிரித்தது உள்ளேவரைக்கும் கேட்டது. மேடம் பையை மூடினார். "நாளைக்குக் காலைல படகுத்துறைக்கு வந்துடுறேன். அங்க பாத்துக்கலாம். வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மறுநாள் வேலை நாள், கூட்டம் இல்லை. மேலாளர் அனுமதி கொடுத்திருந்தார். முருகையன் காவலுக்குக் கூட வர வேண்டும், ஆனால் கை வைக்கக் கூடாது என்பது மேடம் போட்ட நிபந்தனை. செல்வி உயிர்க்கவசத்தை மாட்டிக்கொண்டு, சேலையைச் செருகிக்கொண்டு, முதல்முறையாக என் படகில் ஏறினாள். ஒரு காலை வைத்ததுமே படகு ஆடியது. "அய்யோ முருகா!" என்று மேடத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் என்னை அறியாமல், "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, நடுவுல உக்காரு" என்றேன்.

மோட்டாரைக் கயிறு இழுத்துத்தான் உயிர்ப்பிக்க வேண்டும். வலது கையால் வெடுக்கென்று இழுப்பது அது. நான் இரண்டு மாதமாக வீட்டில் கதவுத் தாழ்ப்பாளில் கயிறு கட்டி இடது கையால் பழகியிருந்தேன், யாருக்கும் தெரியாது. முதல் இழுப்புக்கு இருமியது. இரண்டாவதுக்கும் இருமியது. மூன்றாவதுக்குப் பிடித்துக்கொண்டது. "அண்ணே!" என்று முருகையன் குதித்துவிட்டான். எனக்குக் கண் நிறைந்தது. ஒன்பது மாதம் கழித்து அந்தச் சத்தம், அந்தப் பெட்ரோல் வாசனை, காலுக்குக் கீழே அந்த அதிர்வு. அலையாத்தி மரங்களுக்கு ஓரமாக வளைத்துக்கொண்டு போனேன். கொக்குகள் எழுந்து போயின. செல்வி பயத்தை மறந்துவிட்டு, "இவ்ளோ அழகான எடத்தையா தினம் பாத்துட்டு வந்து வீட்ல மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பீங்க?" என்று கேட்டாள். மேடம் ஒன்றும் எழுதவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு வந்தார்.

நடுத் தண்ணீரில் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். துறையிலிருந்து ஏற்றி வைத்திருந்த குடிதண்ணீர் கேனை, வாயில் கயிறு கட்டி, மெதுவாகத் தண்ணீரில் இறக்கிவிட்டார். "ஒரு குழந்தை விழுந்துடுச்சுன்னு வெச்சுக்குங்க. ஏத்துங்க."

இருபது கிலோ. ஒரு காலத்தில் ஒரு கையால் தூக்கிப் போட்டிருப்பேன். இடது கையால் கயிற்றை இழுத்துப் பக்கத்தில் கொண்டுவந்தேன். குனிந்து அடியில் வலது கையைக் கொடுத்தேன். தண்ணீருக்குள் இருக்கும்வரை கனம் தெரியவில்லை. விளிம்புவரை வந்தது. விளிம்பைத் தாண்டக் கை தோளுக்கு மேலே வர வேண்டும். வரவில்லை. உடம்பைச் சாய்த்தேன், படகு சாய்ந்தது. முருகையன் கை நீண்டது. "தொடாதீங்க" என்றார் மேடம். இன்னொரு முறை. விளிம்பில் வைத்த கேன் நழுவியது, கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடியது. மூன்றாவது முறை தூக்கும்போது தோளுக்குள் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. கை தானாகவே கீழே விழுந்தது.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்தேன். "ஒண்ணும் இல்ல மேடம். ரொம்ப நாள் ஆச்சு, அதான். ரெண்டு வாரம் பழகினா சரியாயிடும். இங்க தண்ணி ஆழமும் கெடையாது. யாரும் விழவும் மாட்டாங்க. இத்தனை வருசத்துல ஒருத்தர்கூட விழுந்ததில்ல."

"சரி" என்றார் மேடம். "நான் உங்களை நம்புறேன். இப்பவே திரும்பிப் போவோம். நானும் முருகையனும் எறங்கிக்குறோம். நீங்க உங்க வீட்டம்மாவை மட்டும் ஏத்திக்கிட்டு, தனியா, அந்த மணலுக்குப் போயிட்டு வாங்க. கடல் வந்து சேர்ற எடத்தைத் தாண்டித்தானே போகணும்? அவங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது" என்றாள் செல்வி.

"போவீங்களா?"

போவேன் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். செல்வி என்னைப் பார்த்தாள். பயம் இல்லை அவள் கண்ணில். நான் என்ன சொன்னாலும் ஏறி உட்காரப் போகிறவளின் பார்வை அது. முகத்துவாரத்தில் அலை உள்ளே தள்ளுகிற இடம் எனக்குத் தெரியும். அங்கே படகு ஒரு பக்கமாகத் தூக்கும்போது பயணி எந்தப் பக்கம் சரிவார் என்று தெரியும். எத்தனை பேரை நான் அந்த இடத்தில் சிரித்துக்கொண்டே தாண்டவைத்திருக்கிறேன். இவளை விளிம்பிலிருந்து தூக்க எனக்குக் கை இல்லை.

"மாட்டேன் மேடம்" என்றேன்.

"ஏன்?"

"முடியாது. என்னால முடியாது."

முருகையன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். மேடம் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "இதைச் சொல்ல உங்களுக்கு ஒன்பது மாசம் ஆயிருக்கு" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

அவர் எழுதியதை வக்கீல் எனக்குப் படித்துக் காட்டினார். இவரால் படகை இயக்க முடியும். பயணிகளோடு தனியாகச் செல்லத் தகுதி இல்லை. வலியை மறைக்கும் தொழில் பழக்கம் உள்ளவர், முதல் அறிக்கையை அதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். இழப்பீடு வந்தது. வக்கீல் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, ஆனால் கவிதாவின் படிப்புக்குக் குறை இல்லை. நான் இப்போது துறையில் ஜனங்களுக்கு உயிர்க்கவசம் மாட்டிவிடுகிறேன். பெரிய படகில் இரண்டு பேர் போக வேண்டும் என்பதால், ஆள் குறைந்த நாளில் இரண்டாவது ஆளாக என்னை ஏற்றிக்கொள்வார்கள். என் பழைய படகை முருகையன் ஓட்டுகிறான். அவன் அதை வளைக்கும் விதத்தைக் கரையில் நின்று பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

ஆனால் அன்றைக்குத் திரும்பி வந்ததைச் சொல்ல வேண்டும். முருகையன் பின்னால் போய் மோட்டாரைப் பிடித்தான். நான் செல்வி பக்கத்தில், பயணிகள் பலகையில் உட்கார்ந்தேன். ஓட்டுகிறவன் எப்போதும் கடைசியில் உட்கார்ந்து எட்டு முதுகுகளைத்தான் பார்ப்பான். முன்னால் உட்கார்ந்தால் தண்ணீர் இவ்வளவு அகலமாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. காற்று அடித்தது. செல்வி முந்தானையால் என் இடது கையில் கயிறு அறுத்த இடத்தைச் சுற்றினாள்.

"வலிக்குதா?" என்றாள்.

"வலிக்குது செல்வி" என்றேன். "ரொம்ப வலிக்குது."

"ம்" என்றாள். நகர்ந்து வந்து, வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.